இடது பக்கம் ஆறாவது விளக்கு

சனிக்கிழமை எட்டரை மணிக்கு
ஏற்காட்டு ரிசார்ட்டின் ஈரப் புல்வெளியில்
தந்தூரிப் புகைக்கும் எனக்கும் ஒரே மேடை.
ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம்
முதலில் குத்துப்பாட்டு கேட்கும்,
அடுத்து ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள்,
அப்புறம் யாராவது ஒரு சித்தப்பா
கம்பளிக் குல்லாயைக் கழற்றிவிட்டு
"தம்பி, மனசு வலிக்கிற மாதிரி ஒண்ணு" என்பார்.

அப்போதுதான் உன் பாட்டு.

நினைவிருக்கிறதா, ஸ்டெல்லா,
அம்மாப்பேட்டையில் துளசிராம் வீட்டுத் தறிக்கூடம்?
தறி ஓடாத வெள்ளிக்கிழமைகளில்
பாவு நூலுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் நடுவே
நாலு பேர் சேர்ந்து ராக் வாசித்தோம்.
ஆம்ப்ளிஃபயரைப் போட்டால்
தெருவிளக்கு மங்கும்.
எதிர்வீட்டுக்காரர் வந்து
உன்னை மட்டும் திட்டுவார்,
பொம்பளைப் பிள்ளை இப்படிக் கத்தலாமா என்று.
நீ அடுத்த வரியை
இன்னும் ஒரு கட்டை மேலே எடுப்பாய்.

தட்டுவடை செட் மடித்துத் தந்த தாளில்தான்
அந்தப் பாட்டை எழுதினாய்.
இரண்டாம் சரணத்தில் பீட்ரூட் கறை.
மூன்றாவதில் நாலு வரி காலி.
ஓரத்தில் பென்சிலில்,
"இங்க அப்புறமா ஏதாவது போட்டுக்கலாம், தயாள்."

அப்புறம் என்று ஒன்று வரவில்லை.
சண்டைகூடப் போடவில்லை நாம்.
உனக்கு வேலை கிடைத்தது,
முனியப்பன் பேஸ் கிட்டாரை விற்றான்,
ஒருநாள் உன் வாட்ஸ்அப் படத்தில்
மாலையோடு இரண்டு பேர் இருந்தார்கள்.

அந்த நாலு வரியில் நான் வாய் திறப்பதில்லை.
கிட்டார் மட்டும்.
அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
கோவையிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர்
கண்ணைத் துடைத்துக்கொண்டு
ஐந்நூறு ரூபாய் தந்தார், நீ எழுதாத வரிகளுக்கு.
பாதி உனக்குச் சேரும். வைத்திருக்கிறேன்.

புல்வெளி முடிகிற இடத்தில் மலையும் முடிகிறது.
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கீழே சேலம்,
யாரோ தட்டிவிட்ட ஜரிகைப் பெட்டி மாதிரி.
கருப்பூரில் மூன்றாவது மாடி என்று
துளசிராம் சொல்லியிருந்தான்.
பகலில் வந்து பார்த்து வைத்துக்கொண்டேன்:
வெள்ளைக்கல் சுரங்கம் வெட்டிய மேடு,
இரவில் அந்த இடம் கறுப்புத் திட்டாகிவிடும்,
அதற்கு இடது பக்கம் ஆறாவது விளக்கு.
மஞ்சள். அணையவே அணையாது.
நீயும் தூங்குவதில்லை என்று
எனக்கு அதில் கொஞ்சம் கேவலமான சந்தோஷம்.

மூன்று வருடம் அதைப் பார்த்துத்தான் பாடினேன்.

போன வாரம் வாட்ச்மேன் வெள்ளையன்
பீடிக்கு நெருப்புக் கேட்டு வந்தவர்
என் பார்வை போன பக்கம் பார்த்துவிட்டு
"அந்த மஞ்ச லைட்டா? டோல்கேட்டு.
எம் பையன் அங்கதான் நைட் டூட்டி" என்றார்.

சிரித்தேன். அவரும் சிரித்தார், காரணம் தெரியாமல்.

மூன்று வருடம்.
நாமக்கல் லாரிகளுக்கும்
பெங்களூர் ஆம்னி பஸ்களுக்கும்
சுருதி சேர்த்து, கண் மூடி,
உன் பெயர் வருகிற இடத்தில் குரல் உடைத்து.

அன்று இரவே கிட்டாரை முதுகில் கட்டிக்கொண்டு
இருபது கொண்டை ஊசியும் இறங்கினேன்.
ஒவ்வொரு வளைவிலும் பலகை
எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தது.
டோல்கேட்டில் பைக்குக்குக் காசில்லை,
ஓரமாகப் போ என்று கை காட்டினார்கள்.
விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தினேன்.
ஈசல்கள். டீசல் வாடை.
வெள்ளையனின் மகனாக இருக்கலாம்,
ஒரு பையன் கொட்டாவி விட்டான்.

உன் மாடி எந்தப் பக்கம் என்று தேடவில்லை.
திரும்பி மலையைத்தான் பார்த்தேன்.
மேலே ஒற்றை வெளிச்சம்.
ரிசார்ட்டா, கோயிலா,
யாரோ பால் காய்ச்சுகிற சமையலறையா,
இங்கிருந்து சொல்ல முடியவில்லை.
அங்கே ஒருவன் தொண்டை கிழியப் பாடினாலும்
இங்கே எதுவும் விழாது.

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது,
நம் பாட்டுக்கு அரை ஸ்வரம் கீழே.
வண்டியை நகர்த்தினேன்.